வீட்டுக் கூடத்தில் ஒரு ஹெலிகாப்டர்

தலைக்கு மேலே ஹெலிகாப்டர் ஓசை கேட்டால் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடாதவர் நம்மில் எத்தனை பேர்? ஆகாய விமானம் போனால் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பதோடு சரி. ஹெலிகாப்டர் என்றாலோ அது கண்ணைவிட்டு மறையும்வரை நிற்போம். காரணம் எளிது. விமானம் முன்னோக்கி ஓடிக்கொண்டிருந்தால்தான் வானில் இருக்க முடியும். ஹெலிகாப்டர் அந்தரத்தில் ஓரிடத்தில் அசையாமல் நிற்க வல்லது. அந்த நிற்றலே நம்மை மயக்குகிறது.

அந்த மயக்கத்திற்கு ஆளானவர்களுள் நானும் ஒருவன். பேட்டரியால் இயங்கும் மாதிரி ஹெலிகாப்டரை வீட்டுக்குள்ளேயே பறக்கவிடலாம் என்று அறிந்த நாள் முதல் அதை வாங்காமல் எனக்கு உறக்கம் கொள்ளவில்லை. வாங்கினேன், தவறாக வாங்கினேன். பிறகு சரியானதை வாங்கினேன். இவ்விரண்டுக்கும் இடையே நான் கற்றதே இக்கட்டுரை. நம் கல்லூரியில் "முதலில் எதை வாங்கலாம்?" என்று என்னைக் கேட்ட நண்பர்கள் பலர். அவர்கள் அனைவருக்கும் ஒருசேர விடை கூறும் முயற்சியாகவும் இதைக் கொள்ளலாம்.

நான் செய்த தவறு

ஓராண்டு காலம் மாலை வேளைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணம் அது. கடைக்காரர் இரண்டு ஹெலிகாப்டர்களை எடுத்து வைத்தார். ஒன்று உள்ளங்கையில் அடங்குவது. மற்றது முழங்கை நீளத்தைத் தாண்டியது. "சின்னது பொம்மை, தம்பி. பெரிசா வாங்கிட்டா மறுபடி வாங்க வேண்டியதில்லை. ஓட்ட ஓட்டப் பழகிடும்" என்றார். அவர் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. பொம்மை வாங்கவா ஓராண்டு உழைத்தேன்? பெரியதையே வாங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் இருந்த நாற்காலிகளை ஓரம் கட்டினேன். என் தங்கை மூலையில் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஹெலிகாப்டரைத் தரையில் வைத்து மெல்ல வேகம் கூட்டினேன். இறக்கைகள் சீறின. சுவரில் தொங்கிய காலண்டர் தாள்கள் படபடத்தன. ஒரு சாண் உயரம் எழும்பிய ஹெலிகாப்டர் இடப்பக்கம் நழுவியது. நான் வலப்பக்கம் திருப்பினேன். அது நான் நினைத்ததைப்போல் இரு மடங்கு வலப்பக்கம் பாய்ந்து மரப்பெஞ்சின் காலில் மோதிற்று. எல்லாம் எட்டு விநாடிக்குள் முடிந்தது. இறக்கையின் உடைந்த துண்டு ஒன்று தங்கையின் தலைக்கு ஒரு முழம் மேலே சென்று காலண்டரைக் கிழித்துக்கொண்டு விழுந்தது.

அம்மா அந்தத் துண்டை எடுத்து என் முன்னால் வைத்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. தங்கைதான் கேட்டாள்: "ஏண்ணா, உனக்கு ஓட்டத் தெரியலையா, இல்லே அதுக்கே பறக்கத் தெரியலையா?"

சிறுபிள்ளைக் கேள்வி என்று அப்போது எரிச்சல்பட்டேன். முதல் ஹெலிகாப்டரைத் தேர்ந்தெடுக்க விரும்பும் எவரும் கேட்க வேண்டிய முதற்கேள்வியே அதுதான் என்பது பின்னரே விளங்கிற்று. ஹெலிகாப்டர் அந்தரத்தில் நிற்கும்போது, அதை நிற்க வைப்பது யார்? அதன் அமைப்பா, நம் கையா?

நிற்பதில் உள்ள சிக்கல்

உள்ளங்கையில் ஒரு துடைப்பக்கட்டையை நிமிர்த்தி நிறுத்திப் பாருங்கள். கையைச் சற்றும் அசைக்காமல் இருந்தால் அது விழுந்துவிடும். விழாமல் காக்க வேண்டுமானால் அது சாயத் தொடங்கும் முன்பே கை நகர வேண்டும். அந்தரத்தில் நிற்கும் ஹெலிகாப்டரின் நிலையும் ஏறத்தாழ அதுவே. ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கமே நழுவும். தானாக நிமிர்ந்து பழைய இடத்திற்குத் திரும்பாது.

இரண்டாவது சிக்கல் நியூட்டனின் மூன்றாம் விதியால் வருவது. மேலே சுழலும் இறக்கைத் தொகுதியை ரோட்டார் என்பர். மோட்டார் ரோட்டாரை ஒரு திசையில் திருப்பினால், உடற்பகுதி எதிர்த்திசையில் திரும்ப முற்படும். இதனைத் தடுக்க இரு வழிகள் பெரிதும் கையாளப்படுகின்றன. வாலில் ஒரு சிறு ரோட்டாரை வைத்து உடலைத் திரும்பாமல் தள்ளிப் பிடிப்பது ஒரு வழி. இகோர் சிகோர்ஸ்கி 1939இல் அமெரிக்காவில் பறக்கவிட்ட வி.எஸ்.300 இம்முறைக்குப் புகழ்பெற்ற முன்னோடி. ஒரே அச்சில் இரு ரோட்டார்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து எதிரெதிராகச் சுழற்றுவது மற்றொரு வழி. இங்கே ஒன்றின் திருப்புவிசையை மற்றொன்று சமன் செய்துவிடும். ரஷ்யாவின் காமோவ் ஹெலிகாப்டர்கள் இம்முறைக்குப் பேர்போனவை. நம் இந்தியக் கடற்படையின் காமோவ் 28, காமோவ் 31 ஆகியவற்றின் படங்களைப் பார்த்தால் இந்த இரட்டை அடுக்கு தெளிவாகத் தெரியும்.

சாயாமல் நிற்கச் செய்யும் முயற்சிகளுள் நமக்கு மிகவும் நெருக்கமானது ஆர்தர் யங் என்ற அமெரிக்கருடையது. அவர் 1928 முதல் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறு மாதிரிகளைச் செய்து செய்து உடைத்தவர். இறுதியில், ரோட்டாரோடு சேர்ந்து சுழலும் ஒரு கம்பியை அமைத்து அதன் இரு முனைகளிலும் எடை பொருத்தினார். சுழலும் எடை தன் தளத்தை எளிதில் விட்டுக்கொடுக்காது என்பது பம்பரம் விட்ட நமக்குத் தெரியாததல்ல. உடல் சாய்ந்தாலும் கம்பி சற்று நேரம் சாயாமல் நிற்கும். கம்பிக்கும் இறக்கைக்கும் இணைப்பு இருப்பதால், இறக்கைகளின் கோணம் மாறி ரோட்டார் மறுபடி கம்பியின் தளத்திற்கே இழுக்கப்படும். மின்மோட்டாரால் இயங்கிய மாதிரி ஒன்றை 1941இல் பெல் கம்பெனியாருக்குப் பறக்கவிட்டுக் காட்டினார் யங். அதன் வழியில் உருவான பெல் 47 ஹெலிகாப்டர் 1946இல் அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்பாட்டுக்கான சான்றிதழைப் பெற்றது. இன்று கடையில் விற்கும் சிறு ஹெலிகாப்டரின் உச்சியில் இரு முனைகளிலும் குண்டு வைத்த கம்பி ஒன்று சுழல்வதைக் கண்டிருப்பீர்கள். அது அழகுக்காக வைத்ததன்று. யங்கின் கம்பியே அது.

மூன்று வகைகள்

தங்கையின் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், கடையில் உள்ள மாதிரிகள் மூன்று வகையாகப் பிரிந்துவிடும்.

முதல் வகை இரட்டை ரோட்டார் கொண்டது. திருப்புவிசை தானே சமனாகிறது. மேல் ரோட்டாரைக் குண்டுக்கம்பி நிமிர்த்துகிறது. கையை எடுத்துவிட்டாலும் சற்று நேரம் நின்ற இடத்திலேயே நிற்கும். அதாவது, இதற்குப் பறக்கத் தெரியும். இவ்வகையில் இரண்டு, மூன்று, நான்கு சேனல் என்று உட்பிரிவுகள் உண்டு. சேனல் என்பது நாம் தனித்தனியே இடக்கூடிய கட்டளைகளின் எண்ணிக்கை. இரண்டு சேனலில் ஏறி இறங்கலாம், திரும்பலாம். மூன்று சேனலில் முன்னும் பின்னும் செல்லலாம். நான்கு சேனலில் பக்கவாட்டிலும் நகரலாம். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகெங்கும் ஏராளமான வீடுகளில் பறந்த சைமா எஸ்.107 மூன்று சேனல் வகை. ஏறத்தாழ அதே காலத்தில் வந்த பிளேட் எம்.சி.எக்ஸ். நான்கு சேனல் வகை. அதன் எடை 30 கிராமுக்கும் குறைவு.

இரண்டாம் வகையில் ரோட்டார் ஒன்றே. வாலில் சிறு ரோட்டார் உண்டு. இறக்கைகளின் அடிப்படைக் கோணம் மாறாதது. ரோட்டாரின் வேகத்தைக் கூட்டினால் ஏறும், குறைத்தால் இறங்கும். வாலைத் திரும்பாமல் பிடிக்கும் பொறுப்பை ஒரு சிறு ஜைராஸ்கோப் சில்லு ஏற்றுக்கொள்கிறது. சாயாமல் காப்பது குண்டுக்கம்பியாக இருக்கலாம். புதிய மாதிரிகளில் கம்பி இன்றி மின்னணுச் சில்லுகளே அப்பணியைச் செய்வதும் உண்டு. டபிள்யூ.எல். டாய்ஸ் வி.911 இவ்வகையில் பெயர்பெற்ற நான்கு சேனல் மாதிரி. பாதி அது பறக்கும். மீதியை நாம் பறக்க வைக்க வேண்டும்.

மூன்றாம் வகை, இறக்கைகளின் கோணத்தையே ஒருசேர மாற்றக்கூடியது. ரோட்டார் எப்போதும் வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும். கோணம் கூடினால் ஏறும், குறைந்தால் இறங்கும், எதிர்க்கோணம் கொடுத்தால் தலைகீழாகவும் பறக்கும். படங்களில் நம்மை வாய்பிளக்க வைக்கும் குட்டிக்கரணங்கள் எல்லாம் இதன் வேலையே. ஆனால் சொன்ன சொல்லுக்கு உடனே கீழ்ப்படிவது எதுவோ, அது தவறாகச் சொன்னாலும் உடனே கீழ்ப்படியும். கை பழகாதவனிடம் இது மூக்கணாங்கயிறு இல்லாத காளை. நான் முதலில் வாங்கியது இவ்வகையே. அதிலும் திறந்தவெளிக்கென்று செய்யப்பட்ட அளவு.

இங்கே ஓர் எச்சரிக்கை. உருவத்தைப் பார்த்து வகையை முடிவு செய்யாதீர்கள். ஈஸ்கை லாமா என்றொரு மாதிரி பல தொடக்கக்காரர்களிடம் இருந்தது. அதன் தோற்றம் பிரான்சின் லாமா ஹெலிகாப்டரைப் போன்றது. 1972இல் 12,442 மீட்டர் உயரம் ஏறி உலகச் சாதனை படைத்தது அந்த லாமா. சீட்டா என்ற பெயரில் நம் நாட்டில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் தயாரித்ததும் அதுவே. உண்மையான லாமாவுக்கு ரோட்டார் ஒன்று, வாலில் ஒன்று. மாதிரிக்கோ மேலே இரண்டு ரோட்டார்கள்! உடல் ஒன்றைச் சொல்லும். ரோட்டார்தான் உண்மையைச் சொல்லும்.

முதலில் எடை, பிறகு விலை

என் எட்டு விநாடிப் பறப்பைப் பற்றி எங்கள் இயற்பியல் பேராசிரியர் ஒருவரிடம் தயங்கித் தயங்கிக் கூறினேன். அவர் சிரிக்கவில்லை. "தம்பி, முதலில் எடை போடு, அப்புறம் விலை கேள்" என்றார். பிறகு ஒரு தாளை எடுத்து, அந்தரத்தில் நிற்கும் ஹெலிகாப்டருக்கான கணக்கைப் போடச் சொன்னார். கணக்கில் விருப்பமில்லாத நண்பர்கள் அடுத்த பத்தியைத் தாண்டி அதன் முடிவுக்குச் செல்லலாம்.

நிற்கும் ஹெலிகாப்டர் தன் எடைக்குச் சமமான விசையோடு காற்றைக் கீழே தள்ளியாக வேண்டும். ரோட்டாரின் வட்டப் பரப்பையும் காற்றின் அடர்த்தியையும் பெருக்கி, அதை இரட்டித்து, அதனால் எடையை வகுத்து, வர்க்கமூலம் கண்டால் ரோட்டாரைக் கடக்கும் காற்றின் வேகம் கிடைக்கும். 30 கிராம் எடையும் 18 சென்டிமீட்டர் விட்டமும் கொண்ட சிறு மாதிரிக்கு இது விநாடிக்கு 2.2 மீட்டர். எடையை இவ்வேகத்தால் பெருக்கினால் குறைந்த அளவு தேவைப்படும் திறன் 0.65 வாட். 220 கிராம் எடையும் 34 சென்டிமீட்டர் விட்டமும் உள்ளதற்கு வேகம் 3.1 மீட்டர், திறன் 6.8 வாட். 800 கிராமும் 70 சென்டிமீட்டரும் கொண்ட என் பெரிய ஹெலிகாப்டருக்கு வேகம் 2.9 மீட்டர், திறன் ஏறத்தாழ 23 வாட்.

காற்றின் வேகம் மூன்றிலும் பெரிதாக வேறுபடவில்லையே என்று நினைக்கத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. "வேகத்தைப் பார்க்காதே, எவ்வளவு காற்று என்று பார்" என்றார் பேராசிரியர். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள அறையில் இருப்பது சுமார் 28 கன மீட்டர் காற்று. சிறு மாதிரி அவ்வளவு காற்றைத் தன் ரோட்டார் வழியே அனுப்ப எட்டு நிமிடத்திற்கு மேல் ஆகும். அதற்குள் பேட்டரியே தீர்ந்துவிடும். நடுத்தர மாதிரிக்கு ஒன்றரை நிமிடத்திற்குச் சற்று மேல். என் பெரிய ஹெலிகாப்டருக்கோ வெறும் 25 விநாடி! அறைக் காற்று முழுவதையும் அது கலக்கிவிடுகிறது. கீழே தள்ளிய காற்று தரையில் மோதி, சுவரில் ஏறி, கூரையைத் தொட்டு மறுபடி அதன் தலைமேலேயே இறங்குகிறது. தான் கிளப்பிய புயலிலேயே தான் பறக்க வேண்டிய நிலை. கூடத்தில் காலண்டர் ஏன் படபடத்தது என்பது அன்றுதான் புரிந்தது.

மோதலின் கணக்கும் இப்படியே. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது 30 கிராம் மாதிரியின் ஆற்றல் 0.6 ஜூல், 800 கிராமுக்கு 15 ஜூலுக்கு மேல். முன்னது விழுந்தால் பெரும்பாலும் எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி பறக்கவிடலாம். பின்னது விழுந்தால் அச்சு வளையும், பல்சக்கரம் நொறுங்கும், வால் முறியும். இவை பொருட்சேதம். 70 சென்டிமீட்டர் ரோட்டார் நிமிடத்திற்கு 2,500 முறை சுழலும்போது இறக்கை நுனியின் வேகம் மணிக்கு 330 கிலோமீட்டர். அந்த வேகத்தில் போன துண்டுதான் தங்கையின் தலைக்கு ஒரு முழம் மேலே பறந்தது. இந்த எண்ணைத் தாளில் எழுதியபோது என் கை நடுங்கியது. பணம் போனதைப் பற்றி அதன்பின் நான் வருந்தவில்லை.

ஆகவே வீட்டறைக்கு என் பரிந்துரை 50 கிராமுக்கு உட்பட்ட மாதிரியே. 200 கிராம் இரட்டை ரோட்டார் வகைக்குக் கல்லூரிக் கலையரங்கம், உள்விளையாட்டுக் கூடம் போன்ற இடம் வேண்டும். அதற்கு மேற்பட்டவை மைதானத்திற்கு உரியவை.

பேட்டரியும் மோட்டாரும்

வீட்டுக்குள் பறக்கும் கனவு நனவானது பேட்டரியால்தான். ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரேடியோவால் இயங்கும் மாதிரி ஹெலிகாப்டரை வெற்றிகரமாகப் பறக்கவிட்டபோது அதில் இருந்தது எரிபொருள் இன்ஜின். புகையும் சத்தமும் எண்ணெய்ச் சிதறலுமாக இருந்த அதை வீட்டுக்குள் கொண்டுவர முடியாது. எடை குறைந்த லித்தியம் பாலிமர் பேட்டரியும் விரல்நுனி அளவு மோட்டாரும் வந்த பிறகே கூடம் வானமாயிற்று.

சிறு மாதிரிகளில் ஒரே ஒரு செல் இருக்கும். அதன் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட், முழுதும் ஏற்றினால் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிட்டால் செல் கெட்டுவிடும். எனவே ஹெலிகாப்டர் ஏறத் தயங்கும்போதே இறக்கிவிட வேண்டும். கடைசிச் சொட்டுவரை பிழியக்கூடாது. 120 மில்லி ஆம்பியர்-மணி செல் ஏழு நிமிடம் பறக்க வைத்தால், சராசரியாக 4 வாட்டுக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகிறது என்று பொருள். கணக்கில் வந்த 0.65 வாட் எங்கே, இந்த 4 வாட் எங்கே? மீதி மோட்டாரின் சூடாகவும் இறக்கையின் உராய்வாகவும் பல்சக்கரத்தின் ஓசையாகவும் போகிறது. ஆகவே ஒரு பறப்புக்கும் அடுத்ததற்கும் இடையே பத்து நிமிடமாவது மோட்டாரை ஆறவிடுங்கள். பேட்டரியைக் கழற்றி மாற்றக்கூடிய மாதிரியாக இருந்தால் நல்லது. செல் பழுதானால் செல்லை மட்டும் மாற்றலாம். உள்ளேயே பற்றவைத்த செல் போனால் ஹெலிகாப்டரே போன மாதிரி.

உப்பிய செல்லை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். மின்னேற்றும்போது மெத்தை, தலையணை, புத்தக அடுக்கு இவற்றின் மேல் வைக்காதீர்கள்; சிமெண்டுத் தரையே சிறந்தது. ஏற்றிவிட்டு உறங்கப் போவது கூடவே கூடாது.

கடையில் கேட்க வேண்டியவை

முதலாவது, கட்டுப்பாட்டுப் பெட்டி பேசுவது ரேடியோ அலையிலா, அகச்சிவப்புக் கதிரிலா? அகச்சிவப்பு என்றால் டி.வி. ரிமோட்டைப் போலத்தான். சன்னல் வழியே வெயில் விழுந்தால் தடுமாறும்; நாற்காலிக்குப் பின்னால் போனால் சொல் கேளாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவுக்கு இத்தொல்லைகள் இல்லை. அகச்சிவப்பு மலிவு என்பதை மட்டும் அதன் சார்பில் சொல்லலாம்.

இரண்டாவது, ஏற்ற இறக்கக் குச்சி எந்தக் கையில்? சில பெட்டிகளில் இடக்கை, சிலவற்றில் வலக்கை. எதில் பழகினாலும் சரியே. ஆனால் பழகியதை மாற்றுவது எழுதும் கையை மாற்றுவது போலாகும். அருகில் ஏற்கெனவே பறக்கவிடும் நண்பர் இருந்தால் அவருடைய முறையையே கொள்ளுங்கள். கற்றுக்கொடுக்க அவருக்கு எளிது.

மூன்றாவது, உதிரிப் பாகம் கிடைக்குமா? இதற்கு விடை "கிடைக்கும்" என்பது போதாது. இறக்கை, வால், நடு அச்சு, பல்சக்கரம், குண்டுக்கம்பியின் இணைப்பு ஆகியவை தனித்தனியே விற்கப்படுகின்றனவா என்று கேளுங்கள். வாங்கும் அன்றே ஒரு ஜோடி இறக்கை கூடுதலாக வாங்குங்கள். உடையுமா என்பதன்று கேள்வி. எந்த வாரம் உடையும் என்பதே.

நான்காவது, உயரத்தைத் தானே காக்கும் மாதிரியா? இன்றைய சில சிறு ஹெலிகாப்டர்களில் காற்றழுத்தத்தை அளக்கும் சில்லு உண்டு. ஒரு மீட்டர் ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ 12 பாஸ்கல் குறையும். அதை உணர்ந்து உயரத்தை நிலைநிறுத்தும். தொடக்கத்தில் இது பெரிய துணை. ஆனால் கதவை யாரேனும் படீரென்று சாத்தினால் அறையின் அழுத்தம் மாறும். ஹெலிகாப்டர் காரணமின்றி ஏறி இறங்கும். மேலும், வேகக் குச்சியைக் கையாளக் கற்பதே ஹெலிகாப்டர் கலையின் பாதி. அந்தப் பாதியை யந்திரத்திடம் விட்டுவிட்டால் அடுத்த வகுப்புக்குப் போகும்போது திண்டாட வேண்டியிருக்கும். இவ்வசதியை நிறுத்தி வைக்கவும் இயலுமானால் வாங்கலாம்.

முதல் நாள் பாடம்

மின்விசிறியை நிறுத்துங்கள். சன்னல் திரைகளைக் கட்டி வையுங்கள். காற்றோட்டத்தில் திரை வந்து இறக்கையில் சிக்கும். நீண்ட கூந்தலும் பாவாடைத் தாவணியும் அருகில் வரக்கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி அணிவது கோழைத்தனம் ஆகாது.

ஹெலிகாப்டரைக் கூடத்தின் நடுவில், வால் உங்களை நோக்கி இருக்குமாறு வையுங்கள். அப்போதுதான் அதன் இடமும் உங்கள் இடமும் ஒன்றாக இருக்கும். அது உங்களை நோக்கித் திரும்பிவிட்டால் இடம் வலமாகும், வலம் இடமாகும். கண்ணாடி பார்த்து நெற்றிப்பொட்டு வைக்கும் குழப்பம்தான். எதிர்முகப் பறப்பைப் பல வாரம் கழித்துக் கற்கலாம்.

தரைக்கு ஒட்டி நீண்ட நேரம் வைத்திருக்காதீர்கள். ரோட்டார் தள்ளிய காற்று தரையில் பட்டுத் திரும்புவதால் ஹெலிகாப்டர் வழுக்குப் பாறையில் நிற்பதுபோல் நழுவும். ஒரே மூச்சில் இடுப்பளவு ஏற்றிவிட்டால் அமைதியாக நிற்கும். இறக்கை எதிலேனும் பட்டால் முதல் வேலையாக வேகக் குச்சியை அடிமட்டத்திற்கு இறக்குங்கள். காப்பாற்றப் பார்த்து வேகம் கூட்டினால் பல்சக்கரமும் மோட்டாரும் கெடும். விழுவது இழப்பன்று, விழுந்தபின் சுழல்வதே இழப்பு.

முடிவாக

அந்தப் பெரிய ஹெலிகாப்டரை இறக்கைகளைக் கழற்றிப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டேன். மேலும் ஆறு மாதம் டியூஷன் எடுத்து, கடைக்காரர் அன்று பொம்மை என்று ஒதுக்கிய இரட்டை ரோட்டார் வகையில் நான்கு சேனல் மாதிரி ஒன்றை வாங்கினேன். எடை 30 கிராமுக்குள். முதல் நாளே கூடத்தின் நடுவில் நின்றது. பேட்டரி தீரும்வரை நின்றது. நான் செய்தது ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். ஆயினும் அந்த ஏழு நிமிடம் நான் மூச்சுவிட மறந்துபோனேன்.

மூன்று மாதத்தில் அது எனக்குச் சலித்துவிட்டது. நேராக நிற்கத் தெரிந்த ஹெலிகாப்டர் வளைந்து பாயத் தயங்கும். விசிறிக் காற்றை எதிர்த்து முன்னேறாது. அந்தச் சலிப்பு வந்ததே நான் தேர்ந்ததற்கு அறிகுறி. அப்போது ஒற்றை ரோட்டார் கொண்ட இரண்டாம் வகையை வாங்கினேன். இன்று அதில் எதிர்முகமாகவும் வட்டமாகவும் பறக்கவிடுகிறேன். கட்டிலுக்கு அடியில் உள்ளது ஒருநாள் மைதானத்தைப் பார்க்கும். அதற்கு இன்னும் அவசரமில்லை.

இரட்டை ரோட்டார் ஹெலிகாப்டர் இப்போது தங்கையிடம் இருக்கிறது. அன்று வீட்டுப்பாடம் எழுதிய அதே மூலையில் நின்றுகொண்டு, அதை அம்மாவின் தையல் மெஷின்மேல் இறக்கிக் காட்டுகிறாள். "இதுக்குப் பறக்கத் தெரியும்ணா, அதான் எனக்கும் ஓட்ட வருது" என்கிறாள்.

தேர்வு முறையை அவளே இரண்டு வரியில் சொல்லிவிட்டாள். கை கற்றுக்கொள்ளும்வரை யந்திரம் நமக்காகக் கற்றிருக்க வேண்டும். கை கற்றபின் யந்திரம் கையை நம்பலாம். முதல் ஹெலிகாப்டர் வாங்கப் புறப்படும் நண்பர்களே, கடையில் பெரியது எது என்று கேளாதீர்கள். பறக்கத் தெரிந்தது எது என்று கேளுங்கள்.